நாற்காலியை எண்ணலாம், ஃபர்னிச்சரை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாட்ரிட்டில் வசிக்கிறேன். மாலை வேளைகளில் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோருக்கும் தாய்மொழி ஸ்பானிஷ். 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைஸஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' என்றே எழுதுகிறார்கள். எண்ண முடியாதவற்றுக்குப் பன்மை கிடையாது என்றேன். "இந்த அறையில் நாலு நாற்காலி, ஒரு மேசை. எண்ணிவிட்டேனே?" என்று ஒரு மாணவி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இதை எப்படிச் சொல்லித்தருவது? பேசும்போதே திருத்த வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாணவி கேட்டது நியாயமான கேள்வி. கோளாறு, பாடப்புத்தகங்கள் காலங்காலமாகத் தந்துவரும் விளக்கத்தில் இருக்கிறது. மனிதன் பணத்தைப்போல வேறு எதை இவ்வளவு எண்ணுகிறான்? ஆனாலும் 'மனி' என்பது எண்ணாப் பெயர்தான். ஸ்பானிஷின் 'தினேரோ'வும் அப்படியே. பொருளை எண்ண முடியுமா என்று பார்த்து மொழி இதை முடிவுசெய்வதில்லை. அந்தச் சொல் அந்த மொழியில் எப்படிப் புழங்கி வந்திருக்கிறதோ அதுதான் கணக்கு.

ஸ்பானிஷில் ஓர் அலமாரி ஒரு 'முயெப்ளே'. மேசையும் சேர்ந்தால் இரண்டு 'முயெப்ளெஸ்'. அறிவுரை 'கொன்செஹோ', மூன்று கொன்செஹோஸ் தாராளமாகச் சொல்லலாம். செய்தி 'நொத்தீசியா', பல என்றால் 'நொத்தீசியாஸ்'. வீட்டுப்பாடம் ஸ்பெயினில் 'தெபேரெஸ்' என்று பன்மையிலேயே வரும். தன் மொழியில் இத்தனை காலம் எண்ணிப் பழகியவர் ஆங்கிலத்திலும் எண்ணத்தான் செய்வார். 'நியூஸ்' இன்னும் மோசம்: கடைசியில் 'ஸ்' ஒலி வேறு நிற்கிறது, 'நியூஸ் ஆர்' என்று எழுதாமல் என்ன செய்வார்? 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்களே அதைப் பன்மையாகவும் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே விதியிலிருந்து தொடங்காதீர்கள். 'ரோப்பா'விலிருந்து தொடங்குங்கள். துணிமணிகளைக் குறிக்கும் இந்த ஸ்பானிஷ் சொல் ஒருமையிலேயே நிற்பது. சட்டையும் கால்சட்டையும் கையில் இருந்தாலும் உங்கள் மாணவி 'இரண்டு ரோப்பா' என்று சொல்லமாட்டார். எண்ணிக்கை வேண்டுமென்றால் 'பிரெந்தா' (உருப்படி) என்ற சொல்லைத் துணைக்கு அழைப்பார்: 'தோஸ் பிரெந்தாஸ் தெ ரோப்பா', அதாவது இரண்டு உருப்படி துணி. ஆங்கிலத்தின் 'டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்' அச்சு அசல் இதே அமைப்பு. ரோப்பா இருந்த இடத்தில் ஃபர்னிச்சரை வைக்கச் சொல்லுங்கள், பிறகு அட்வைஸ், இன்ஃபர்மேஷன். புதிய இலக்கணம் ஒன்றும் வேண்டாம், அவரிடம் இருப்பதே போதும்.

'ஹெந்தே'யையும் விட்டுவிடாதீர்கள். மக்கள் என்ற பொருளில் ஸ்பானிஷில் அது ஒருமை. ஆங்கிலத்தின் 'பீப்பிள்' பன்மை வினை கேட்கும். 'பீப்பிள் இஸ்' என்று காதில் விழுவது அதனால்தான்.

நான் அதிகம் கவலைப்படுவது 'திராபாஹோ' பற்றி. உழைப்பும் அதுதான், உத்தியோகமும் அதுதான். ஆங்கிலத்தில் உழைப்புக்கு 'வொர்க்', எண்ணாப் பெயர். உத்தியோகத்துக்கு 'ஜாப்', எண்ணலாம். 'ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ வொர்க்' என்று விண்ணப்பத்தில் எழுதுகிறவருக்கு அந்த வேலையே கைநழுவலாம். அறிவைக் குறிக்கும் 'கொனோசிமியென்தோஸ்' என்ற ஸ்பானிஷ் பன்மையை அப்படியே பெயர்த்து 'நாலெட்ஜஸ்' என்று எழுதுவதும் இதே ரகம். இந்த இரண்டுக்கும் ஒரு முழு வகுப்பை ஒதுக்குங்கள். வாட்டிய ரொட்டித் துண்டான 'தோஸ்தாதா'வை நினைத்து 'எ டோஸ்ட்' கேட்டால் உணவகத்தில் எப்படியும் ரொட்டி வந்துவிடும், அதற்கு அவசரமில்லை.

விவரமான மாணவர் யாராவது ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தத்தைக் காட்டலாம். அதன் ஆங்கில வடிவில், 107 முதல் 109 வரையான பிரிவுகளின் தலைப்பில் அரசு உதவியைக் குறிக்க 'எய்ட்ஸ்' என்று பன்மையே இருக்கிறது. ஸ்பானிஷ் வடிவில் அது 'ஆயுதாஸ்', மிக இயல்பான பன்மை. சட்ட ஆவணங்களுக்குள் அப்படிப் புழங்கட்டும், கடிதத்தில் 'எய்ட்' என்று ஒருமையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பேச்சில் குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம். 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்றாலும் விஷயம் புரிந்துவிடுகிறது. நம்மூர்க் கடைப் பலகைகளில் 'ஃபர்னிச்சர்ஸ்' இல்லையா? வாக்கியத்தை அவர் முடித்த பிறகு, பதில் சொல்லும் சாக்கில் சரியான வடிவத்தை நீங்கள் ஒருமுறை சொன்னால் போதும். எழுத்தில் மட்டும், முக்கியமாக வேலை விண்ணப்பத்தில், ஒன்றைக்கூட விடாதீர்கள்.

அன்புடன்.