விருந்துக்குப் போங்கள் தம்பி, ஆர்டர் தாளில் மட்டும் கை வைக்காதீர்கள்

தம்பி, சிங்கப்பூர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். பிரிவுத் தலைவர் ஒரு ஒயின் விருந்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். பென்ஃபோல்ட்ஸ் என்ற பழைய ஆஸ்திரேலிய ஆலையின் ஒயின்கள், தயாரிப்பாளரே வந்து ஒவ்வொரு கோப்பையாக விளக்குவாராம், ஆளுக்கு 188++ வெள்ளியாம், அதாவது சிங்கப்பூர் டாலர். போகலாமா, என்ன உடுத்துவது, குடித்துத்தான் ஆக வேண்டுமா, அந்த மேசையில் நான் என்ன பேசுவேன் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே அறை வாடகை, மனைவியை அழைத்து வருவது என்று இன்னும் இரண்டு.

அந்த இரண்டுக்கும் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். உடைக்கு முழுக்கைச் சட்டையும் மூடிய காலணியும் போதும். முள்கரண்டியை வெளிப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தால் சரியாகிவிடும். விருந்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் 2009-ல் நான் உட்கார்ந்திருந்த மேசை அப்படியே கண்முன் வந்துவிட்டது.

முதலில் அந்த இரண்டு கூட்டல் குறி. ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இன்னொன்று 9 விழுக்காடு பொருள் சேவை வரி, அதுவும் சேவைக் கட்டணத்தைச் சேர்த்த பிறகு வரும் தொகைக்கு. ஆக 188 வெள்ளி என்பது கையை விட்டுப் போகும்போது 225 வெள்ளி 41 காசு. இதை யார் கொடுக்கிறார்கள் என்று பிரிவுத் தலைவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். நம் ஊரில் இப்படிக் கேட்டால் மரியாதைக் குறைவு. இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது அளவு. கோப்பையின் அடியில் கொஞ்சம்தானே ஊற்றுகிறார்கள் என்று தோன்றும். ஒரு ஊற்றுக்கு 75 மில்லி என்று வைத்தால் ஆறு கோப்பைக்கு 450 மில்லி, அதாவது அரைப் புட்டிக்கு மேல். 14 விழுக்காடு வீரியத்தில் அது கிட்டத்தட்ட நான்கு கேன் பீருக்குச் சமம். எல்லாவற்றையும் விழுங்க வேண்டிய அவசியமே இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் வெற்றிலைக்குப் படிக்கம் வைத்திருப்பார்கள் இல்லையா, அதே மாதிரி ஒரு பாத்திரம் மேசையில் இருக்கும். வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு அதில் துப்பலாம். ஒயின் தயாரிப்பாளர்களே நாள் முழுக்க அப்படித்தான் ருசி பார்க்கிறார்கள். குடிப்பழக்கம் இல்லையென்றால் முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள், ஒருவரும் காரணம் கேட்க மாட்டார்கள். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், சிவப்பு ஒயினோடு பெரும்பாலும் அதைத்தான் வைப்பார்கள். சுத்த சைவம் என்றால் இன்னொன்றையும் விசாரியுங்கள். சில ஒயின்களைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப் பையிலிருந்து எடுக்கும் பசை என்று எதையாவது சேர்ப்பதுண்டு. கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

திரும்பும்போது எம்ஆர்டி ரயில் ஓடும் நேரத்திலேயே கிளம்பிவிடுங்கள். நள்ளிரவு தாண்டினால் டாக்சி மீட்டரில் ஐம்பது விழுக்காடு கூடுதல். விருந்து முடிந்த பிறகு கூட்டாளிகளோடு தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியா பக்கம், ஏதாவது திண்ணையில் உட்கார்ந்து தொடரலாம் என்ற நினைப்பே வேண்டாம். 2015 ஏப்ரலிலிருந்து இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிப்பது குற்றம். லிட்டில் இந்தியாவில் கட்டுப்பாடு இன்னும் கூடுதல், சனி ஞாயிறில் பகலிலும் கூடாது. 2013 டிசம்பரில் அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டம் இது. அது தெரியாமல் நம் பையன்கள் இன்னமும் மாட்டிக்கொள்கிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது.

இதெல்லாம் சில்லறை. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு.

2009-ல் நான் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருந்தேன், சம்பளம் 1,900 வெள்ளி. ஜூரோங் வெஸ்டில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில் இரண்டு பேர் பங்கு போட்ட அறை, இரவு பத்து மணிக்கு மேல்தான் ஏசி போடலாம் என்று வீட்டுக்காரர் கண்டிப்பு. மேலாளர் ஒரு ஒயின் விருந்துக்கு அழைத்துப் போனார். சுற்றிலும் எட்டுப் பேர், எல்லோரும் கோப்பையைச் சுழற்றுகிறார்கள், முகர்கிறார்கள், பிளாக்கரண்ட் பழம் என்கிறார்கள், சீடார் மரம் என்கிறார்கள். நான் பிளாக்கரண்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் தலையாட்டினேன். என் முறை வந்தபோது முன்னால் ஒருவர் சொன்னதையே நானும் சொன்னேன். கடைசியில் இனிப்பு வரும் நேரத்தில் ஒரு தாளும் பேனாவும் மேசையைச் சுற்றி வந்தது. இன்று பரிமாறிய ஒயின்கள், இன்றைக்கு மட்டும் இந்த விலை, எத்தனை வேண்டுமோ குறியுங்கள். பக்கத்தில் இருந்தவர் பன்னிரண்டு என்று எழுதினார். அதுவரை எல்லாம் தெரிந்தவன்போல உட்கார்ந்திருந்தவன் அந்தத் தாளைச் சும்மா தள்ளிவிட முடியவில்லை. ஆறு புட்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புட்டி 95 வெள்ளி, மொத்தம் 570. வரி அதில் சேரவில்லை என்பது பில் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த மாதம் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம் அது. அம்மாவிடம் சம்பளம் தாமதம் என்று பொய் சொன்னேன்.

கதை அதோடு முடியவில்லை. ஒயினை 12, 13 டிகிரியில் வைக்க வேண்டும். இந்த ஊரில் பகலில் 31, 32 டிகிரி. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு நல்ல நாளில் திறக்கலாம் என்று இழுத்தால், ஒரு புட்டியின் கார்க் கழுத்தை விட்டு அரை விரல் மேலே எழும்பி நின்றது. தகட்டு உறைக்குக் கீழே கசிந்து காய்ந்த சிவப்புக் கோடு. பெட்டியின் அட்டையெல்லாம் பிசுபிசுப்பு. மற்ற ஐந்தும் வாயில் வைத்தால் வெந்துபோன பழச்சாறு மாதிரி இருந்தது, பின்னாலேயே புளிப்பு. ஒவ்வொன்றாகக் கழுவு தொட்டியில் ஊற்றினேன்.

அதனால்தான் சொல்கிறேன், அந்தத் தாள் உங்கள் பக்கம் வரும்போது வாங்கி அப்படியே அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். உண்மையிலேயே பிடித்திருந்தால் பெயரைக் குறித்துக்கொண்டு மறுநாள் காலையில் கடை விலையைப் பாருங்கள். இங்கே ஒயினுக்குத் தீர்வை அதில் உள்ள ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி என்ற கணக்கு. 14.5 விழுக்காடு உள்ள ஒரு புட்டிக்கே ஒன்பதரை வெள்ளி தீர்வை, அதற்கு மேல் பொருள் சேவை வரி. தாளில் உள்ள விலையில் இதெல்லாம் அடக்கமா என்று பாருங்கள். ஒன்றே ஒன்று வாங்கி அந்த வாரமே திறந்து குடித்துவிடுங்கள்.

நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கொடுத்த காசுக்கு எத்தனை கோப்பை ஊற்றினார்கள் என்று எண்ணிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பாதி விருந்தில் குரல் ஏறிவிடும். இன்னொரு பக்கம், இதெல்லாம் நம் பழக்கமில்லை என்று ஒதுங்கிக்கொண்டு, பத்து வருடம் கழித்து மேலிடத்தில் நம்மை யாருக்கும் தெரியவில்லையே என்று குறைப்படுகிறவர்கள். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பதினெட்டு வருடத்தில் நான் இந்த ஊரோடு ஒட்டிக்கொண்டேன் என்றால், போய் உட்கார்ந்து, கேட்டு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகியதால்தான். இன்றைக்கு என் மேசையில் பிற நாட்டவர்கள் உட்கார்ந்து என்னிடம் ஒயினைப் பற்றிக் கேட்கிறார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

போவதற்கு முன் அந்த ஆலையின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1844-ல் இங்கிலாந்திலிருந்து அடிலெய்டு பக்கம் மாகில் என்ற இடத்தில் குடியேறிய டாக்டர் கிறிஸ்டோபர் பென்ஃபோல்டும் மனைவி மேரியும் தொடங்கியது. நோயாளிகளுக்கு டானிக்காகக் கொடுக்கத்தான் டாக்டர் ஒயின் செய்தார். அவர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க, திராட்சையையும் ஒயினையும் கவனித்தது மேரி. எனக்கு ரொம்பப் பிடித்தவர் மேக்ஸ் ஷூபர்ட். எடுபிடிப் பையனாகச் சேர்ந்து தலைமைத் தயாரிப்பாளராக உயர்ந்தவர். 1950-ல் ஐரோப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, 1951-ல் கிரேஞ்ச் என்ற ஒயினைச் சோதனையாகச் செய்தார். ருசி பார்த்தவர்கள் திட்டினார்கள். 1957-ல் நிர்வாகம் நிறுத்தச் சொல்லிவிட்டது. அவர் நிறுத்தவில்லை. மூன்று வருடம் மாகிலின் நிலவறைகளில் மறைத்துவைத்துச் செய்துகொண்டே இருந்தார். பழைய புட்டிகள் முதிர்ந்து ருசி ஏறியதும் 1960-ல் நிர்வாகமே மறுபடி செய்யச் சொன்னது. உங்கள் 188 வெள்ளி விருந்தில் கிரேஞ்ச் வராது என்று நினைக்கிறேன், அது ஒரு புட்டியே ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் அளவுக்குப் போகும். ‘பின் 389’ என்ற ஒயின் வரலாம். கிரேஞ்ச் இருந்த பீப்பாய்களில் அடுத்த வருடம் அதை ஊறவைக்கிறார்கள். ‘பின்’ என்பது ஒரு காலத்தில் நிலவறையில் புட்டிகளை அடுக்கிய இடத்தின் எண்.

சரி, என்ன பேசுவது என்று கேட்டீர்களே. 2014-ல் மறுபடி இதே மாதிரி ஒரு விருந்து, தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு பழைய ஆலை. முதலில் பத்து வருடம் பழகிய ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் ஊற்றினார்கள். முகர்ந்தேன். ரேஷன் கடை மண்ணெண்ணெய். சிறு வயதில் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற அதே வாசம். எல்லோரும் எலுமிச்சை, பூ என்று சொல்ல, இந்த முறை நான் வாயை மூடிக்கொள்ளவில்லை, மண்ணெண்ணெய் என்றேன். தயாரிப்பாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். முதிர்ந்த ரீஸ்லிங்கில் அந்த வாசம் வரும், வெயில் அதிகம் பட்ட பழத்தில் இன்னும் கூடும் என்று விளக்கினார். அடுத்து ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின். கோப்பையிலிருந்து வந்தது அம்மா ரசத்துக்கு இடிக்கும் மிளகு, இடித்த அந்த நொடியில் வருகிற வாசம். அதையும் சொன்னேன். மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள்தான் ஷிராஸிலும் இருக்கிறது, ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து 2008-ல் வெளியிட்டார்கள் என்றார். டானின் என்று அவர்கள் வார்த்தைக்கு வார்த்தை சொல்வது நம் துவர்ப்பு. கொட்டைப்பாக்கைக் கடித்தால் கன்னம் உள்ளே இழுக்குமே, அது. நாவற்பழம் தின்று வளர்ந்தவனுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது?

எனக்கு ஊர் கம்பம் பள்ளத்தாக்கு, சுருளிப்பட்டி பக்கம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. இதைச் சொன்னதும் அந்த மனிதர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டார். அவர்களுக்குக் குளிர்காலத்தில் கொடி உறங்கும், வருடத்துக்கு ஒரே அறுவடை. எங்கள் ஊரில் கொடி உறங்குவதே இல்லை, கவாத்து செய்தால் நாலு மாதத்தில் குலை வெட்டலாம், வருடத்துக்கு இரண்டு வெள்ளாமை எடுப்போம் என்றதும் நம்பவே இல்லை. கொடியை எப்படிக் கட்டுவீர்கள், மழையில் காய் வெடிக்காதா, மருந்து எத்தனை முறை என்று கேட்டுக்கொண்டே போனார். தலைக்கு மேலே பந்தல் என்று கையால் காட்டினால் புரியவில்லை. அதற்குள் ஆர்டர் தாள் சுற்றி வந்தது. அவரே அதை வாங்கித் திருப்பி வைத்துப் பேனாவைக் கொடுத்தார். வெறுமையான பின்பக்கத்தில் கல்தூண், குறுக்குக் கம்பி, அதில் படரும் கொடி, கீழே தொங்கும் குலை, குலைக்கு அடியில் குனிந்து போகும் ஆள் என்று வரைந்து கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் நகக்கண்ணில் எல்லாம் கறுப்பு ஊதாக் கறை, அறுவடை முடிந்து நேராக வந்திருந்தார். அப்பாவின் விரலும் சீசனில் அப்படித்தான் இருக்கும்.

அறைக்கு வந்தபோது மணி பதினொன்று, ஊரில் எட்டரை. அப்பாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி, அவங்க ஊர்ல பழத்தை டன் என்ன விலைக்கு எடுக்குறாங்களாம்?” என்றார். எத்தனையோ பேசியும் அதைக் கேட்காமல் வந்துவிட்டேன். நீங்கள் போனால் கேட்டுவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள் தம்பி, அப்பாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.