பவளமும் பங்குனி ஆமையும்: வாசகர் கேள்வி – பதில்

பாளையங்கோட்டை வாசகி: பிள்ளைகளுக்குப் பவளப்பாறை காட்டணும் அண்ணாச்சி. மே லீவில் தூத்துக்குடி போய்ப் படகு பிடித்தால் தீவில் இறக்கிவிடுவார்களா?

இறக்கக் கூடாது. இறக்கிவிடுகிறேன் என்று யாராவது ரகசியமாகச் சொன்னால் அந்தப் படகில் ஏறாதீர்கள். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே கிடக்கும் 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை ஏற்பாட்டில் மட்டும்தான் பார்க்க முடியும்: ஏர்வாடியில் கண்ணாடித்தளப் படகு, பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவு. காற்று மாறினால் படகு ஓடாது. முந்தின நாளே ராமநாதபுரம் வனத்துறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மே மாதம் வேண்டவே வேண்டாம். அப்போது தென்மேற்குக் காற்று கிளம்பிவிடும். மன்னார் வளைகுடா அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்துக் கிடப்பதால் அடிச்சேறு கலங்கி, கண்ணாடிக்குக் கீழே பழுப்பு நிறம்தான் தெரியும். (அன்றைக்கே பாம்பன் பாலத்துக்கு வடக்கே கடல் குளம்போல் இருக்கும்.) இன்னொன்று சூடு. கடல்நீர் 30, 31 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், பவள உயிரி தன் உடம்பில் வைத்திருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறமும் சாப்பாடும் அந்தப் பாசி தருவதுதான். 2010இலும் 2016இலும் இங்கே அப்படிப் பெரிய அளவில் வெளுத்தது. ‘வெள்ளைப் பவளம் என்ன அழகு’ என்று பிள்ளைகள் சொன்னால், அது பட்டினி கிடக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை போங்கள். காலை 10 மணிக்கு மேல், உச்சி வெயிலுக்குள். சூரியன் சாய்ந்திருந்தால் ஒளி நீரில் பட்டுத் திரும்பிவிடும், அடி தெரியாது. தண்ணீரில் கை நனைக்கப் போகிறீர்கள் என்றால் சன் ஸ்கிரீன் பூசாமல் முழுக்கைச் சட்டை போடுங்கள். சன் ஸ்கிரீனிலுள்ள சில ரசாயனங்கள் பவளக் குஞ்சுகளைக் கெடுக்கும்.

திசையன்விளை வாசகர்: ராமேஸ்வரத்தில் வாங்கிய பவளக்கல்லை மீன்தொட்டியில் வைத்திருக்கிறோம். செத்த கல்தானே?

செத்ததும் சட்டத்துக்குள் அடக்கம். பவளம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. 3 முதல் 7 வருடம் வரை சிறை. கரையில் ஒதுங்கிக் கிடப்பதைப் பொறுக்குவதும் அப்படித்தான். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வெட்டியதில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின.

உவரி வாசகர்: ராத்திரி கரையில் ஆமை ஏறினால் என்ன செய்யணும்?

ஆமை பார்க்க நீங்கள் பூங்காவுக்குப் போக வேண்டியதே இல்லை. தை முதல் பங்குனி வரை உங்கள் ஊர் மணலுக்கே பங்குனி ஆமை வரும்.

ஏறும்போதும் குழி பறிக்கும்போதும்தான் மிரளும். டார்ச், செல்போன் வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். விளக்கை அணைத்துவிட்டு, அதன் பின்பக்கமாகத் தள்ளி உட்காருங்கள். ஒன்றரை அடி ஆழக் குழியில் நூறு முட்டைக்குமேல் இடும். கடலுக்கு இறங்கியதும் இடத்தை அடையாளம் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள், நீங்களாகத் தோண்ட வேண்டாம். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையை உருட்டினால் கரு செத்துவிடும். நாய் தோண்டாமல் விடியும்வரை காவல் இருந்தால் போதும்.

45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். கடல் பக்கம்தான் வெளிச்சம் என்று அவை நம்பி ஓடும். அந்த வாரம் கரையோரத் தெருவிளக்கு எரிந்தால் ரோட்டுக்குத்தான் வந்து சேரும். ஊரில் பேசி அணைக்கச் சொல்லுங்கள்.