நிப்பாட்டச் சொன்னவைதான் நிண்ட செலவையும் பாக்க வேணும்

கேள்வி இதுதான்: கொரோனா மாதிரி ஒரு பெருந்தொற்று வந்தால் பஸ், வான், பிளேன், சுற்றுலா எண்டு இந்தத் துறையளுக்கு அரசாங்கம் சனத்தின்ர வரிக்காசில உதவி செய்யிறது சரியோ? லாபம் வரேக்க பொக்கற்றுக்க வைக்கிறவை நட்டம் வந்தோடன மட்டும் ஏன் அரசாங்கத்தின்ர முகத்தைப் பாக்கினம்?

என்ர பதில் ஓம், சரிதான். ஆனால் 2020ல இஞ்ச இலங்கையில குடுத்த மாதிரி இல்ல. முதலே சொல்லிப்போடுறன், நான் வான் ஓடுறனான், அதால "இவன் தன்ர சோலிக்குக் கதைக்கிறான்" எண்டு நீங்கள் நினைச்சாலும் பிழையில்ல, நினைச்சுக்கொண்டே வாசியுங்கோ.

எனக்கு இடம் யாழ்ப்பாணத்தில கோண்டாவில். 2018ல ஒரு ஹையேஸ் வான் லீசிங்கில எடுத்தனான், மாசம் 78,000 கட்டுக்காசு. வேலை எண்டால் முக்கியமா எயார்போட் ஹயர், கனடா லண்டன் சுவிஸ்ஸில இருந்து வாற எங்கட சனத்தைக் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா எயார்போட்டில ஏத்திக்கொண்டு வாறது, பேந்து அவை நிக்கிற மூண்டு நாலு கிழமையும் நல்லூர், கீரிமலை, நயினாதீவுக்குப் போகக் குறிகட்டுவான் எண்டு ஓடித் திரியிறது, கடைசியில திருப்பிக் கொண்டுபோய் விடுறது. ஆடி ஆவணியில நித்திரையே இல்ல. அந்த ரெண்டு மாச உழைப்பிலதான் மிச்ச மாசங்களின்ர கட்டுக்காசும் நிண்டது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்போட அந்த வருசச் சீசன் படுத்திட்டுது. சரி அடுத்த வருசம் பிடிப்பம் எண்டு இருக்கேக்கதான் இது வந்தது. 2020 மார்ச் 20 பின்னேரம் ஊரடங்கு போட்டவை, அதுக்கு முதல் நாளே எயார்போட்டும் பூட்டியாச்சு. கொழும்பு கம்பஹாவோட சேத்து யாழ்ப்பாணத்தையும் அபாய மாவட்டம் எண்டு வைச்சிருந்ததால மற்ற இடங்கள் இடைக்கிடை திறக்க எங்களுக்கு ஏப்ரல் பிற்பகுதி மட்டும் வாசல் தாண்ட ஏலாது. வெளிநாட்டுச் சனத்துக்கு எயார்போட் திரும்பத் திறந்தது 2021 ஜனவரி 21ல. நாட்டுக் கணக்கைப் பாருங்கோ, 2018ல 23 லட்சத்துக்கு மேல வந்த பயணியள், 2020ல 5 லட்சத்துச் சொச்சம், அதுவும் கிட்டத்தட்ட எல்லாரும் பூட்ட முதல் வந்தவை, 2021ல ரெண்டு லட்சமும் இல்ல.

வான் ஓடாட்டி என்ன செலவு, டீசலும் மிச்சம்தானே எண்டு என்னட்ட நேரடியாக் கேட்ட ஆக்கள் இருக்கினம். நிண்ட வாகனம் தின்னுற மாதிரி ஓடுற வாகனம் தின்னாது தம்பி எண்டு எங்கட கராச் அண்ணை சொல்லுவார். பற்றரி செத்தது, ரயர் நாலும் ஒரே இடத்தில நிண்டு பாரம் தாங்கி வெடிப்பு விட்டிட்டுது, ஏசிக்குப் போற வயரை எலி வெட்டிப்போட்டுது, வானுக்குக் கீழ அயலட்டைக் கோழி ஒண்டு அடைவைச்சுக் குஞ்சும் பொரிச்சது, அது ஒண்டுதான் அந்த வருசம் என்ர வானால ஆருக்கும் கிடைச்ச பிரயோசனம். இன்சூரன்ஸ், வருச லைசன்ஸ், புகைச் சோதனை எல்லாம் ஓடினாலும் ஓடாட்டிலும் வரும். கட்டுக்காசும் வரும்.

இஞ்சதான் என்ர முதல் நியாயம். ஒரு கடைக்காரர் யாவாரம் சரியில்லாமல் நட்டப்பட்டால் அது அவற்ர பாடு. ஆனால் எங்களை வீட்டில இரு எண்டு சொன்னது அரசாங்கம். சொன்னது சரி, நான் குறை சொல்லேல்ல, நோய் பரவாமல் இருக்க வாகனம் நிக்கத்தான் வேணும். ஆனால் ஊர் முழுக்க நோய் வராமல் இருக்கிறதுக்காக நாங்கள் நிண்டம் எண்டால் நிண்ட செலவை மட்டும் ஏன் நாங்கள் தனிய சுமக்கிறது? றோட்டு அகலிக்க ஒருத்தற்ர மதிலை இடிச்சால் நட்டஈடு குடுக்கினம்தானே.

குடுத்தவைதானே எண்டு கேப்பியள். ஓம். 2020 மார்ச்சில மத்திய வங்கி ஆறு மாசம் லோன், லீசிங் கட்டத் தேவையில்ல எண்டு மொறட்டோரியம் அறிவிச்சது, பிறகு நீட்டினவையும். 4 வீத வட்டிக்கு சௌபாக்கியா கடன் ஒண்டும் வந்தது. வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு 5,000 ரூபா. கேக்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் மொறட்டோரியம் எண்டது மன்னிப்பு இல்ல, தள்ளிப்போடுறது. சலுகைக் காலம் முடிய லீசிங் கொம்பனியில இருந்து வந்த கடுதாசியைப் பாத்து எனக்குத் தலை சுத்தினது, தள்ளிவைச்ச மாசங்களுக்கும் வட்டி ஏத்தி, கட்ட வேண்டிய காலமும் நீண்டு, வான் எடுத்த அண்டைக்கு இருந்த கடனை விடப் பெரிசா ஒண்டு நிக்குது. ஓட்டமோ இல்ல. உழைப்பில்லாதவனுக்கு இன்னும் கொஞ்சம் கடன் தந்து உதவி எண்டு சொல்லுறதைப்போல ஒரு பகிடி இல்ல. 2021 கடைசியில வானைச் சீஸ் பண்ணிப் பறிக்க வரப்போறாங்கள் எண்டு தெரிஞ்சு நானாகவே வித்துக் கடனை முடிச்சன். இப்ப ஓடுறது வேற ஆளின்ர வான், நாள் சம்பளத்துக்கு.

சரி என்ர கதையை விடுங்கோ, வான் ஹயர் எண்டது சனத்துக்கு அத்தியாவசியம் இல்ல எண்டு வாதாடலாம். அத்தான்ர மினிபஸ் கதைக்கு வாறன், எனக்கு இதுதான் முக்கியமாப் படுகுது.

அவர் 750ஆம் நம்பர் ரூட்டில ஓடுறவர், யாழ்ப்பாணம் பருத்தித்துறை. ஊரடங்கு எடுத்தாப் பிறகு சீற்றளவுக்கு மட்டும்தான் சனம் ஏத்தலாம் எண்டு கட்டளை. பஸ் தொழில் தெரியாத ஆக்களுக்கு இது சின்ன விசயமாத் தெரியும். மினிபஸ்ஸில இருக்கிற சனத்தின்ர காசு டீசலுக்கும் ரைவர் கண்டக்டர் சம்பளத்துக்கும் போகும், லாபம் எண்டது கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற சனத்திலதான். நெல்லியடி தாண்ட முதல் வாசல் நிரம்பாட்டி அண்டைக்கு முதலாளிக்கு ஒண்டும் இல்ல. அப்ப சீற்றளவு எண்டால் ஓட ஓட நட்டம். அத்தான் என்ன செய்தார், காலம ஒண்டு பின்னேரம் ஒண்டு ஓடிப்போட்டு மிச்ச நேரம் பஸ்ஸைப் பஸ்ஸ்ராண்டில போட்டிட்டார், எல்லாரும் அதைத்தான் செய்தவை. அதால கஷ்டப்பட்டது ஆர்? பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு வாற வயசான சனம், ரவுணில துணிக்கடையில நிக்கிற பெட்டையள். ஓட்டோ பிடிச்சால் அந்த நாள் சம்பளமே போயிடும். கடைசியில ஒரு பஸ்ஸுக்காக அம்பது பேர் அடிபட்டு ஏற, எந்த நெருக்கத்தைத் தடுக்கக் கட்டளை போட்டவையோ அந்த நெருக்கமே வந்தது.

ஆகவே பஸ்காரனுக்குக் குடுக்கிற காசு பஸ்காரனுக்கு மட்டும் போற காசில்ல. ஆனால் சும்மா கையில குடுக்கவும் கூடாது, நானே சொல்லுறன், குடுத்தால் பஸ்ஸை வீட்டில விட்டிட்டுக் காசை வாங்கிற ஆக்கள் எங்களுக்கையே இருக்கினம். ஓடின கிலோமீற்றருக்குக் குடுக்க வேணும். எத்தினை சனம் ஏறினது எண்டதில்ல, நேர அட்டவணைப்படி இத்தினை ஓட்டம் ஓடினியா, இந்தா இவ்வளவு. ரிக்கற் காசு போக மிச்சத்தை அரசாங்கம் நிரப்பும். இங்கிலாந்தில 2020ல பஸ் கொம்பனியளுக்கு இப்பிடித்தான் செலவுக்கும் வருமானத்துக்கும் இடையில இருந்த பள்ளத்தை நிரப்பினவை. சிங்கப்பூரில கொரோனாவுக்கு முதலே ரிக்கற் காசை அரசாங்கம் எடுத்துக்கொண்டு பஸ் ஓட்டுற கொம்பனிக்கு ஓட்டத்துக்குக் காசு குடுக்கிற முறைதான்.

உது பணக்கார நாடுகளின்ர கதை எண்டு சொல்லாதேங்கோ. எங்கட நாட்டிலயே சிசு செரிய எண்டு பள்ளிக்குடப் பஸ் இருக்கு, பிள்ளையளிட்ட குறைஞ்ச காசு வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு குடுக்கும். சனம் குறைஞ்ச கிராமத்து றோட்டுகளுக்கு கெமி செரிய. அப்ப கணக்குப் பாக்கிற முறை இருக்கு, ரூட் பேர்மிட் இருக்கிற ஒவ்வொரு பஸ்ஸின்ர விபரமும் மாகாண அதிகார சபையிட்ட இருக்கு. இருந்ததைக் கொஞ்சம் அகலிச்சிருந்தாலே காணும்.

டீசல் கதை அதை விடக் கோவம் வரும். 2020 ஏப்ரலில உலகச் சந்தையில எண்ணெய் விலை பாதாளத்துக்குப் போனது, அமெரிக்காவில ஒரு நாள் சைபருக்குக் கீழயும் போனது. எங்கட பெற்றோல் செட்டில டீசல் அதே 104 ரூபா. விலையைக் குறைக்காமல் அந்த மிச்சத்தை ஒரு நிதியத்தில சேக்கிறம் எண்டு சொன்னவை. அதில ஒரு பங்கை பேர்மிட் பஸ்ஸுக்கு மட்டுமாவது விட்டிருக்கலாம். 2021 ஜூனில மாகாணங்களுக்கிடையில போக்குவரத்தே இல்லாமல் நாங்கள் இருக்கேக்க 111 ஆக்கினவை.

பெரிய கொம்பனியள் பற்றியும் கேட்டிருக்கிறியள். விமானக் கொம்பனிக்குக் குடுக்கிறது எண்டால் எனக்கும் முதலில வயிறு எரியும். ஆனால் எப்பிடிக் குடுத்தவை எண்டு பாக்க வேணும். ஜெர்மனி லுஃப்தான்சாவுக்கு 9 பில்லியன் யூரோ உதவி எண்டு அறிவிச்சு அதோட 20 வீதப் பங்கையும் தன்ர கையில எடுத்தது, கொம்பனி கடனைத் திருப்பிக் கட்ட, 2022ல பங்கையும் லாபத்துக்கு வித்திட்டு வெளியால வந்திட்டுது. அமெரிக்கா விமானக் கொம்பனியளுக்குச் சம்பளக் காசு குடுக்கேக்க 2020 செப்டெம்பர் 30 மட்டும் ஒருத்தரையும் வேலையால நிப்பாட்டக் கூடாது எண்டு கயிறு கட்டித்தான் குடுத்தது. கயிறு இல்லாமல் குடுக்கிறதுக்கு நானும் எதிர்தான்.

நிண்டது லேசில திரும்பி ஓடாது எண்டதுக்கு எங்கட பலாலியைப் பாருங்கோ. 2019 ஒக்ரோபர் 17 சர்வதேச விமான நிலையமாத் திறந்து, நவம்பர் 11ல சென்னைக்குச் சேவை துவங்கி, நாலு மாசத்தில நிண்டது. திரும்ப வந்தது 2022 டிசம்பர் 12. கொழும்பு எயார்போட் திறந்து கிட்டத்தட்ட ரெண்டு வருசம் கழிச்சு! அந்த ரெண்டு வருசமும் இஞ்ச இருந்து சென்னைக்கு வைத்தியத்துக்குப் போற சனம் ஒரு மணித்தியாலப் பறப்புக்காக எட்டு ஒம்பது மணித்தியாலம் கட்டுநாயக்காவுக்கு ஓடினது. அந்த ஹயரில எனக்கும் நாலு காசு வந்தது, அதையும் மறைக்கேல்ல.

அரசாங்கத்திட்டக் காசு இல்லையே, 2022ல நாடே வங்குறோத்து ஆனதே எண்டு ஒருத்தர் கட்டாயம் சொல்லுவார். உண்மை. ஆனால் காசில்லாத அரசாங்கம் 2019 டிசம்பரில வற் வரியை 15இல இருந்து 8 ஆக்கினது எண்டதையும் சேத்துச் சொல்ல வேணும். இல்லாத காசிலயும் ஆருக்கு முதல் எண்டு ஒரு ஒழுங்கு இருக்கு, என்ர ஒழுங்கில சனம் ஏறுற பஸ் முதல், குறிகட்டுவான், நெடுந்தீவுப் படகு அடுத்தது, அது நிண்டால் தீவில இருக்கிற சனத்துக்கு வேற வழியில்ல, பிறகு ஓட்டோ, பள்ளிக்குட வான், கடைசியில நானும் என்ர எயார்போட் வானும்.

இதில ஒரு சிக்கல் இருக்கு, இதுக்கு அரசாங்கத்தை மட்டும் குறை சொல்ல ஏலாது. சுற்றுலாத் துறைச் சாரதியளுக்கு ஏதோ கொடுப்பனவு வருதாம் எண்டு கேள்விப்பட்டு ஒரு கந்தோருக்குப் போனனான். சுற்றுலாச் சபையில பதிவு இருக்கோ? இல்ல. வருமானத்துக்கு அத்தாட்சி? இல்ல. வான் என்ன பதிவு? தனியார் பாவனை. அந்தப் பிள்ளை என்னைப் பாத்து, அண்ணை நீங்கள் சாரதி எண்டதுக்கே ஒரு கடுதாசியும் இல்லையே எண்டு கேட்டா. பத்து வருசம் ஓடினதுக்கு என்னட்ட இருந்தது போனில இருந்த சனத்தின்ர நம்பர் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில ஹயர் ஓடுற முக்காவாசிப் பேர் இப்பிடித்தான், வரி வந்திடும் எண்ட பயத்தில ஒண்டையும் எழுதி வைக்கிறதில்ல, பேந்து உதவி எண்டு வரேக்க நாங்கள் ஆர் எண்டே ஒருத்தருக்கும் தெரியாது.

இப்ப டாஷ்போர்டுக்க ஒரு சீஆர் கொப்பி கிடக்கு. திகதி, எங்க இருந்து எங்க, எத்தினை கிலோமீற்றர், எவ்வளவு காசு. வான் என்ரயில்ல, கொப்பி என்ர.