தலை வரும்வரை நின்றிருந்தவள்

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் பிறந்து வளர்ந்து இப்போது ஓசூரில் இருக்கிறேன். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குப் பரசுராமன் கதையைத் தந்தை சொல் தட்டாத பிள்ளைக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவன், "அப்பா சொன்னா நானும் உன்னை வெட்டணுமாம்மா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. மகாபாரதத்தைத் தேடிப் படித்தால், நம் பக்கம் சொல்லும் தலை மாறிய கதை அதில் இல்லவே இல்லை. அவள் தினமும் பச்சை மண்ணில் குடம் செய்து தண்ணீர் எடுத்தாள் என்பதும் இல்லை. அப்படியானால் குடியாத்தம் சிரசுத் திருவிழாவில் நாம் கும்பிடுவது யாரை? மனம் ஒரு நொடி தடுமாறியதற்காக வெட்டப்பட்ட ரிஷிபத்தினி ரேணுகையைச் சாமியாக்கினால், அந்தத் தண்டனை சரி என்று ஆகிவிடாதா?

ஒரு வாசகி, ஓசூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பையனுக்குப் பாதிக் கதைதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. மீதியை நீங்கள் சொல்லுங்கள்.

மகாபாரதத்தின் வன பர்வத்தில் ஜமதக்னி ரிஷிக்கும் ரேணுகைக்கும் ஐந்து பிள்ளைகள். குளிக்கப் போன ரேணுகை, சித்திரரதன் என்ற அரசன் தன் மனைவியரோடு நீராடுவதைக் கண்டு மனம் தடுமாறுகிறாள். திரும்பி வந்தவளைப் பார்த்ததுமே ரிஷிக்குத் தெரிந்துவிடுகிறது. தாயை வெட்டு என்று பிள்ளைகளிடம் வரிசையாகச் சொல்கிறார். ருமண்வான், சுஷேணன், வசு, விசுவாவசு. நாலு பேரும் விக்கித்துப்போய் நிற்கிறார்கள். யார் கையும் எழவில்லை. அறிவு மழுங்கி மிருகம்போல, பறவைபோல ஆகும்படி சாபம் வாங்குகிறார்கள். ஐந்தாவதாக வந்தவன்தான் கோடரியை எடுத்தான். அவன் பெயர் நமக்கு மனப்பாடம், அந்த நாலு பேரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கொன்றைவேந்தனில் "தந்தை சொல் மிக்க மந்திரம் இல்லை" என்பதற்கு அடுத்த வரியே "தாயிற் சிறந்து ஒரு கோயிலும் இல்லை" என்பதுதான். நாலு அண்ணன்களும் அந்த இரண்டாவது வரியில் நின்றவர்கள். பையனிடம் அவர்கள் பெயரைச் சொல்லுங்கள்.

இதே ரேணுகை அனுசாசன பர்வத்திலும் வருகிறாள். கடுங்கோடையில் ஜமதக்னி விளையாட்டாக அம்பு எய்துகொண்டிருக்கிறார். விழுந்த அம்புகளைப் பொறுக்கி வருவது அவள் வேலை. உச்சி வெயில் ஏற ஏறத் தலையும் காலும் கொதித்து, ஒரு மர நிழலில் கொஞ்சம் நின்றுவிட்டு, தாமதத்துக்குச் சாபம் கிடைக்குமோ என்று நடுங்கிக்கொண்டே வருகிறாள். காரணம் கேட்ட ரிஷிக்குச் சூரியன்மேல் கோபம். பயந்துபோன சூரியன் குடையும் செருப்பும் கொண்டுவந்து கொடுத்தான் என்று கதை முடிகிறது. அவள் கால் சுட்டதற்காகச் சூரியனையே எய்யக் கிளம்பியவரும், அவள் தலையை வெட்டச் சொன்னவரும் ஒரே மனிதர்தான். எனக்கு இந்த இடம் ஒவ்வொரு முறையும் தொண்டையில் சிக்குகிறது.

பரசுராமன் கேட்ட வரங்களில் முதலாவது, அம்மா உயிரோடு எழ வேண்டும் என்பது. அதோடு சேர்த்தே இன்னொன்றும் கேட்கிறான்: தான் வெட்டப்பட்டது அவள் நினைவில் இருக்கக் கூடாது. காவியம் அந்த மறதியோடு அவளை விட்டுவிடுகிறது.

நம் ஊர்க்காரர்கள் விடவில்லை. படவேட்டில் ரேணுகாம்பாளின் கருவறையில் இருப்பது தலை. ஜமதக்னி யாகம் செய்த இடத்து மண் என்று சொல்லித்தான் அங்கே திருநீறு கொடுக்கிறார்கள். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள், விடியற்காலையில் தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு, அதாவது தலை மட்டும், கிளம்பி, கோபாலபுரத்துக் கெங்கையம்மன் கோயிலுக்கு வருகிறது. கத்திரி வெயிலின் நடுப்பகுதி அது, வேலூர்ப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள். வழியெல்லாம் தேங்காய் உடைத்து, இளநீரும் ஓட்டுச் சில்லுமாகத் தார் ரோடே தெரியாது. வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்காக வீட்டு வாசலில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டுவார்கள். அவள் மறந்துபோகட்டும் என்று வரம் வாங்கினான் மகன். அவளுக்காக இந்த ஊர் வருஷம் தவறாமல் நினைத்துக்கொள்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். அன்றைக்குக் கோடரி பிடித்தவனுக்கென்று ஒரு தேங்காய் உடைந்து நான் பார்த்ததில்லை. தண்டனை சரி என்று நினைத்த ஊர் இப்படிச் செய்யுமா?

அடுத்து, அந்தச் சிரசு போய்ச் சேரும் உடம்பு. தப்பி ஓடிய ரேணுகைக்கு அடைக்கலம் கொடுத்து, குறுக்கே நின்று, கூடவே வெட்டுப்பட்டவள் ஒருத்தி என்பது நம் பக்கத்துக் கதை. எழுப்பும் அவசரத்தில் பரசுராமன் ரேணுகையின் தலையை அவள் உடம்பில் வைத்துவிட்டான். மாறிய இருவரும் மாரியம்மனாகவும் எல்லையம்மனாகவும் ஆனார்கள் என்று பல ஊர்களில் சொல்வார்கள். குடியாத்தத்தில் சிரசைப் பொருத்துகிற உடம்பைச் 'சண்டாளச்சி உடல்' என்றே இன்றும் செய்தித்தாளில் போடுகிறார்கள். அந்தச் சொல்லை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. ரேணுகைக்குப் பிரசேனஜித்தின் மகள், ஜமதக்னியின் மனைவி, பரசுராமனின் தாய் என்று மூன்று அடையாளம் உண்டு. அடைக்கலம் கொடுத்தவளுக்குச் சாதியை வைத்து ஒரு வசைச்சொல்தான் மிச்சம். உங்கள் கேள்வியில்கூட அவள் வரவில்லை, பாருங்கள். குறையாகச் சொல்லவில்லை, நானும் வெகுகாலம் அவளைப் பற்றிக் கேட்காமல்தான் இருந்தேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும். எங்க ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரே சிரசைப் பார்க்கத் தெருவில் நின்றபோது, எதிர்த்திசையில் கோயிலுக்கு இழுத்துப் போனாள். மண்டபத்தில் அந்த உடம்பு கழுத்துவரை அலங்காரத்தோடு நின்றது. மேலே ஒன்றும் இல்லை. நான் பயந்து ஆயாவின் முந்தானைக்குள் போனேன். "இன்னாத்துக்குடா பயப்படறே? தல ஊரு சுத்திகினு வருது. இவ எம்மா நேரமா ஒண்டியா நின்னுகினு கீறா. இவள மொதல்ல கும்புடு" என்றாள். கும்பிட்டேன். அப்புறம் மேளச் சத்தம் நெருங்கி வந்தது.

அதனால், நாம் கும்பிடுவது யாரை என்றால், இரண்டு பேரை. மகாபாரதத்தில் இல்லை என்பதற்காக அவளை நான் தள்ளமாட்டேன். ரேணுகை ஓடி வந்தபோது கதவைத் திறந்தவள் அவள் ஒருத்திதான்.

வரும் வைகாசிக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஓசூரிலிருந்து முந்தின நாள் இரவே வந்துவிட்டால் நல்லது. சிரசு வந்து சேர்ந்தபின் உள்ளே நுழைய முடியாது, கூட்டம் அப்படி. முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விடுங்கள், அவள் தனியாக நிற்கும்போதே.