சிங்கப்பூரில் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ரெப்ளிகா (நகல் வண்டி) வாங்கலாமா? அசல் இல்லாத வண்டியில் என்ன பெருமை?

கேள்வியின் முதல் பாதிக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் ஏற்கெனவே சிங்கப்பூரில் பதிவாகி ஓடிக்கொண்டிருக்கும் ரெப்ளிகாவாகப் பாருங்கள். இரண்டாவது பாதிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

கேட்டவர் இளவயதுக்காரராகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையிலேயே பழைய ஸ்போர்ட்ஸ் கார்களான கோப்ராவோ போர்ஷ 356 ஸ்பீட்ஸ்டரோ மாதிரி நகல் கட்டும் வீடியோ பார்த்திருப்பீர்கள். அங்கே பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடிச்சட்டத்தில் ஃபைபர் உடலை ஏற்றி, பின்பக்கம் அதே இன்ஜினை வைத்து 356 ஆக்கிவிடுகிறார்கள். அழகான வேலைதான். இங்கே அதை இறக்க நினைக்காதீர்கள் தம்பி. மூன்று வயதைத் தாண்டிய காரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து சாதாரண வண்டியாகப் பதிய முடியாது. 35 வயது தாண்டியவற்றுக்கு கிளாசிக் திட்டம் உண்டு, அதிலும் வருடத்துக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். போன வருடம் அச்சில் வார்த்த உடலைக் காட்டி 35 வயது என்று சொல்ல வழியில்லை. புது வண்டி என்று பதியப் போனாலோ யூரோ 6 புகைக் கட்டுப்பாடு குறுக்கே நிற்கும். இடது பக்க ஸ்டீயரிங் என்றால் பேச்சே வேண்டாம். யாராவது "நான் பார்த்துக்கிறேன்" என்று முன்பணம் கேட்டால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிலை எழுத்தில் பார்க்காமல் ஒரு வெள்ளி கூடக் கொடுக்காதீர்கள்.

என்னுடையது டிடி 2000. மலேசியாவில் கட்டிய வண்டி. 1950 முதல் 1953 வரை இங்கிலாந்தில் செய்த எம்ஜி டிடி காரின் உருவம், உள்ளே டொயோட்டாவின் 2 லிட்டர் இன்ஜின், உடல் ஃபைபர். செகண்ட் ஹேண்டாக இங்கேயே வாங்கினேன். கதவு முன்னால் இருந்து பின்பக்கமாகத் திறக்கும். கதவின் மேல்விளிம்பு தாழ வளைந்திருப்பதால் முழங்கையை வெளியே வைத்து ஓட்டலாம். பின்னால் ஸ்டெப்னி டயர் வெளியே நிற்கும். தேக்கா பக்கம் போனால் சிக்னலில் பக்கத்து லாரியில் இருக்கும் தம்பிகள் எல்லோரும் எழுந்து நின்று பார்ப்பார்கள்.

ஏன் எம்ஜி? என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வண்டிப் பிரிவில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரிடம் பச்சை நிற எம்ஜி டிடி இருந்தது. அப்பாதான் அதைக் கழுவுவார், கார்புரேட்டரை ட்யூன் செய்வார், மழை வந்தால் ஓடிப்போய் தார்ப்பாய் போடுவார். ட்யூன் செய்த பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா, அதற்கு ஒரு நிபந்தனை: சீட்டில் துணி விரித்துத்தான் உட்கார வேண்டும். அப்பா இதை வருத்தமாகச் சொன்னதே இல்லை, ஏதோ வேலையின் ஒரு பகுதி போலச் சொல்வார். எனக்குத்தான் அந்தத் துணி மறக்கவில்லை.

அப்பாவுக்கு ரேஸ் பைத்தியமும் உண்டு. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் ரோட்டில் கிராண்ட் ப்ரீ நடந்தது, இப்போது மரீனா பேயில் இரவில் நடப்பதுதான் பலருக்குத் தெரியும். சாதாரணச் சாலையை மூடி, ஏறக்குறைய 4.8 கிலோமீட்டர் சுற்று. காட்டோரத்தில் நின்று பார்ப்பார்களாம். 1962ல் யோங் நாம் கீ ஜாகுவார் ஈ-டைப்பில் ஜெயித்ததை அப்பா இன்றும் நேற்றுப் பார்த்த மாதிரி சொல்வார். வண்டி வாங்கியதும் முதலில் அவரை அந்தப் பக்கம்தான் கூட்டிப்போனேன். ஓல்ட் அப்பர் தாம்சன் ரோட்டில் இரண்டு பக்கமும் மரம், சாலையில் காய்ந்த இலை. அப்பா டாஷ்போர்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "கியர் ரொம்ப லேசா விழுதே, அதுல இப்படி இல்ல" என்றார். வேறு குறை எதுவும் சொல்லவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கார்க்காரர்கள் கூடும் இடத்துக்கு அப்பாவோடு போயிருந்தேன். அசல் எம்ஜி வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் வந்தார். எதுவும் கேட்கவில்லை. சாவிக்கொத்தில் இருந்த சின்னக் காந்தத்தை எடுத்து மட்கார்டில் வைத்தார். அது ஒட்டாமல் சறுக்கிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு, கூட வந்தவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நடந்துவிட்டார். என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனே! ஃபைபர், டொயோட்டா இன்ஜின், மலேசியாவில் கட்டியது என்று யார் கேட்டாலும் முதல் வாக்கியத்திலேயே சொல்கிறேன். மறைக்கிறவர்களைத்தானே சோதிக்க வேண்டும்?

அசல் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைக்கே இன்னொரு அசல் எம்ஜிக்காரர் அப்பாவை உட்கார வைத்து அரை மணி நேரம் கார்புரேட்டர் பேசினார். அவர் வண்டியின் உடலுக்கு உள்ளே மரச்சட்டம். எம்ஜி அந்தக் காலத்தில் ஆஷ் மரச்சட்டத்தின் மேல் இரும்புத் தகடு அடித்துத்தான் கட்டியது. நம்ம ஊர் ஈரத்தில் அந்த மரத்தைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய பாடு என்று அவரே சொன்னார். அப்படிப்பட்டவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் இல்லையென்றால் நகல் செய்யக்கூட எதுவும் மிஞ்சியிருக்காது.

ஆனால் "அசல் இல்லாவிட்டால் கேவலம்" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜாகுவார் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957ல் தொழிற்சாலையில் தீப்பிடித்து ஒன்பது எக்ஸ்கேஎஸ்எஸ் கார்கள் எரிந்துபோயின. கிட்டத்தட்ட 60 வருடம் கழித்து, 2016ல், அந்த ஒன்பதையும் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்று அறிவித்து விற்றார்கள். அதை யாரும் போலி என்று சொல்லவில்லை. ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தமே 36தான் செய்தார்கள், ஒன்று 2018ல் 4 கோடியே 84 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. இந்த நிலையில் அசலை ஓட்டிப் பார்க்கிற யோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? சுவாமிமலையில் இன்றைக்கு வார்க்கும் நடராஜரைச் சோழர் காலத்துச் சிலை என்று விற்றால் குற்றம். சுவாமிமலையில் வார்த்தது என்று சொல்லி விற்றால் வீட்டில் வைத்துக் கும்பிடுகிறோம். கோப்ராவிலும் அதேதான். அசல் ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கும், நகல்கள் அதைவிடப் பல மடங்கு. நகல் என்று சொல்லிக்கொண்டு ஓடுவதில் ஒரு தப்பும் இல்லை. அடிச்சட்ட எண்ணை மாற்றி அசல் விலைக்கு விற்பவனைத்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் இந்த ஊரில் அசல் எம்ஜியில் உட்கார்ந்து போனவர்கள் வேறு, அதைக் கழுவியவர்கள் வேறு. நான் கழுவியவரின் மகள். என் பிள்ளைகளும் அப்பாவும் துணி விரிக்காமல் உட்காருகிற மாதிரி ஒரு வண்டி எனக்கு வேண்டியிருந்தது. பணத்திமிர் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இருபது வருடத்துக்கு மேல் தாதியாக ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசு, கடன் இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயம், ஆனால் சொல்லாமல் விட மனசு வரவில்லை. வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது நான், ஆயில் மாற்றும் தேதி தெரிந்ததும் எனக்குத்தான். என் வீட்டுக்காரருக்கு லைசென்ஸே கிடையாது, எம்ஆர்டி ரயிலில் போகிறவர். ஆனாலும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் விளக்கம் அவருக்குத்தான். காப்புறுதி ஏஜென்ட் ஒருவர் போனில் "சார்கிட்ட கொடுங்க ஆண்ட்டி, அவர்கிட்ட பேசிக்கிறேன்" என்றார். வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்தேன், "ஓனர் அவங்கதான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தக் காலத்திலும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருக்கிறது. கார் விற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், யார் பெயரில் பத்திரமோ அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

இனி வாங்கப் போகிறீர்கள் என்றால்: ஃபைபர் உடல் துருப்பிடிக்காது, ஆனால் அதன் அடியில் இருக்கிற இரும்புச் சட்டம் பிடிக்கும். வண்டியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள். கதவோரங்களிலும் மட்கார்டு சேரும் இடத்திலும் பெயின்ட்டில் சிலந்திவலை மாதிரி விரிசல் இருந்தால் ஃபைபரே விட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இன்ஜினுக்கு நீங்கள் பயப்படத் தேவையில்லை, டொயோட்டா பார்ட்ஸ் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். துணிக்கூரையை நம்பி டிசம்பர் மழையில் பிஐஇ விரைவுச்சாலை ஏறாதீர்கள். பத்து வயது தாண்டிய வண்டிக்கு வருடாவருடம் பரிசோதனை உண்டு, சாலை வரியும் ஏறிக்கொண்டே போய் 50 சதவீதம் கூடுதலில் நிற்கும். காப்புறுதியை வாங்கும் முன்பே கேட்டு வையுங்கள், சில கம்பெனிகள் பெயரைக் கேட்டதுமே மாட்டேன் என்கின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியம் சிஓஇ, அதாவது இங்கே வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ். 2 லிட்டர் என்பதால் பெரிய கார் பிரிவு, 2023 அக்டோபரில் அதன் சிஓஇ விலை 150,001 வெள்ளி வரை போனது. விற்பவர் கடைசியாகச் சிஓஇயை 5 வருடத்துக்குப் புதுப்பித்தாரா 10 வருடத்துக்கா என்று முதல் போனிலேயே கேளுங்கள். 5 வருடம் என்றால் அதற்குமேல் புதுப்பிக்க முடியாது, காலம் முடிந்ததும் பதிவை ரத்து செய்தாக வேண்டும். விளம்பரத்தில் விலை குறைவாகத் தெரிவதற்கு முக்கால்வாசி நேரம் அதுதான் காரணம்.