விளக்கை அணைத்தால் அவளுக்குக் கேட்காது

அன்புள்ள அக்கா,

நான் ரொறொன்ரோவில் இருக்கிறேன், அண்ணா கிளிநொச்சியில். 2009 மார்ச்சில், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் செல் (பீரங்கிக் குண்டு) விழுந்து அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அப்போது அவருக்கு 17 வயது, எனக்கு 10. அவரைக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்குப் போனோம். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிய ஐந்து மாதம் ஆனது. பிறகு செயற்கைக் கால் கிடைத்தது, சைக்கிள் திருத்தும் கடை போட்டார். இப்போது ஒரு வருடமாகக் காலைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு ஊன்றுகோலோடு நடக்கிறார். இல்லாத காலின் விரல்கள் மடங்கி இழுக்குது என்று இரவில் சொல்கிறாராம். அம்மாவுக்குப் பயம். போர் முடிந்த மே மாதம் வந்தால் ஒருவரோடும் கதைப்பதில்லை. போன வருடம் இங்கே நாங்கள் நடத்திய நினைவு நிகழ்வில் சூமில் வந்து தன் கதையைச் சொல்லும்படி கேட்டேன். பத்து நிமிடம் பேசிவிட்டுத் துண்டித்துவிட்டார். அதன்பிறகு என்னோடும் கதை குறைவு. மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் ஆறிவிடும் என்கிறார்கள். அவரைப் பேசவைப்பது எப்படி? அவரை இங்கே எடுத்துவிடலாமா? இன்னொன்று: 'மாற்றுத்திறனாளி' என்று எழுதுவதா, வேறு சொல்லா, எது சரி?

*

அன்பான பிள்ளைக்கு,

சொல்லைப் பற்றிய கேள்வியை முதலில் தள்ளிவைக்கிறேன். அண்ணா தன்னை எப்படிச் சொல்கிறாரோ அதையே எழுதும். வன்னியில் நான் பழகிய பலர் 'எனக்குக் கால் இல்லை' என்பதோடு முடித்துக்கொள்வார்கள். கனடாவுக்கு எடுப்பதைப் பற்றி அவரிடமே கேட்டீரா? கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

இனிக் காலுக்கு வருவோம். காலை மூலையில் சாத்திவிட்டார் என்று எழுதிய கையோடு மே மாதத்துக்குப் போய்விட்டீர். அது எத்தனை வருடத்துக் கால்? கடைசியாக எப்போது அளவெடுத்தார்கள்? வெட்டிய இடம் வெட்டிய நாளில் இருந்தபடியே இருக்காது. சதை வற்றும். உடம்பு மெலிந்தாலும் பெருத்தாலும் அதுவும் மாறும். அந்த முனை போய் உட்காருகிற சாக்கெட்டையும் அதற்கேற்ப மாற்றவேண்டும், வளர்ந்தவர்களுக்கே சில வருடங்களுக்கு ஒருமுறை. பொருந்தாத சாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளிநொச்சி வெயிலில் நாள் முழுக்க நின்று சைக்கிள் திருத்தினால் வியர்த்து, உரசி, தோல் கழன்று புண்ணாகும். மனம் உடைந்துதான் காலைக் கழற்றினார் என்று ரொறொன்ரோவில் இருந்துகொண்டு முடிவுகட்டிவிட்டீர். 'கால் கடிக்குதா அண்ணா?' என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே.

யாழ்ப்பாணத்தில் 1980களின் கடைசியிலிருந்து ஜெய்ப்பூர் கால் செய்கிறார்கள். ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் அதை உருவாக்கினார்கள். சப்பாத்துப் போடாமல் நடக்கிற, நிலத்தில் குந்துகிற, வயலுக்குள் இறங்குகிற ஆட்களை மனதில் வைத்துச் செய்த கால் அது. கோயில் வீதியில் வெறுங்காலோடு போகலாம். அண்ணா போய் அளவு கொடுக்கட்டும். போக்குவரத்துச் செலவுக்கும் கடை பூட்டுகிற நாட்களுக்கும் நீர் காசு அனுப்பும். அது நல்ல உதவி.

விரல்கள் மடங்கி இழுப்பதற்கு அம்மா பயப்படத் தேவையில்லை. அது பைத்தியமும் இல்லை, பேய்க்குணமும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வியர் மிச்செல் 1871லேயே இதைப் பெயர் வைத்து எழுதிவிட்டார். கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கென்று இருக்கும் இடம் போவதில்லை. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்து, இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். நோயாளி இருக்கிற கையை விரிக்க, இறுகிக்கிடந்த இல்லாத கையும் சிலருக்கு விரிந்தது. எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை. மருந்தும் இருக்கிறது. இல்லாத கால் வலிக்கிறது என்று வைத்தியரிடம் சொல்ல வெட்கப்படுவதால்தான் பலர் வருடக்கணக்கில் நித்திரை கெடுகிறார்கள்.

இப்போது அந்தச் சூம் கதை. பிள்ளை, இதில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கமாட்டேன். நீர் நல்ல மனதோடுதான் செய்தீர். ஆனாலும், கால் போன நாளை முன்பின் தெரியாத முகங்களுக்கு முன்னால், உமது நிகழ்ச்சி நிரலில் அவருக்கென்று ஒதுக்கிய நேரத்துக்குள் சொல்லச் சொன்னீர். அவர் சொன்னார். பிறகு அங்கே என்ன நடந்தது? நீங்கள் தேநீர் குடித்திருப்பீர்கள். அவருக்கு அப்போது விடிகாலையாக இருந்திருக்கும். அந்த நாளைக் கிளறிவிட்ட பிறகு அவர் பக்கத்தில் யார் இருந்தது?

'கொட்டிவிட்டால் ஆறிவிடும்' என்கிற இந்த நம்பிக்கை எங்கள் ஊருக்குப் பெருவாரியாக வந்தது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. சுனாமி முடிந்த கையோடு விதவிதமான குழுக்கள் வந்து இறங்கின. நான் மொழிபெயர்க்கப் போனேன். பிள்ளைகள் இரண்டையும் கடலுக்குக் கொடுத்த ஒரு மனிதர் என் கண் முன்னாலேயே நான்கு குழுக்களுக்கு அதைச் சொன்னார். முதல்தடவை நடுங்கினார், இரண்டாந்தடவை அழுதார். நான்காந்தடவை தேவாரம் ஒப்பிப்பதுபோலச் சொல்லி முடித்துவிட்டு, 'இனிப் போகலாமோ?' என்று கேட்டார். அவருக்கு ஆறியிருந்தது என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கதை அவரிடமிருந்தே பறிபோயிருந்தது.

ஒருதரம் உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்லவைப்பது மனவடுவைத் தடுக்கிறதா என்று ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். தடுக்கவில்லை. 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட உளநல வழிகாட்டி அதைச் செய்யவேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நடந்ததைத் திரும்பச் சொல்லிக் குணமாக்குகிற சிகிச்சைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றைப் பயிற்சி பெற்றவர்கள் செய்கிறார்கள், பல வாரம் எடுத்து, ஒரே ஆளோடு, நோயாளி நிறுத்தச் சொன்னால் நிறுத்தி. மேடையிலோ திரையிலோ செய்வதில்லை.

பேசினால்தான் ஆறும் என்றால், பேசவே முடியாதவர்கள் என்ன செய்வது?

என் சின்னம்மாவின் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு, ஜாம் போத்தல் விளக்குத்தான். பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், நாங்கள் எல்லோரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். செல் குத்துகிற சத்தம் கேட்டால் எண்ணுவோம், விழுந்து வெடிக்கும்வரை. பொம்மரா (குண்டுபோடும் விமானமா) கெலியா (ஹெலிகொப்டரா), எந்தப் பக்கம் போகுது என்று காதாலேயே பார்ப்போம். அவள் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மாவின் வாய் முணுமுணுப்பதை, சித்தப்பாவின் கழுத்து திரும்புவதை, நான் மூச்சை அடக்குவதை. அவளுக்குப் போர் எங்கள் முகங்களில்தான் நடந்தது. ஒரு கையை எப்போதும் பங்கரின் பனங்குற்றியில் வைத்திருப்பாள். அதிர்வு அதில் வரும்.

இரவில் பொம்மர் வந்தால் யாராவது 'விளக்கை அணை!' என்று கத்துவார்கள். அணைப்போம். எங்களுக்கு அது பாதுகாப்பு. முகங்கள் போனால் அவளுக்கு ஒன்றுமே மிஞ்சாது. அப்போது என் நெஞ்சில் உள்ளங்கையை அழுத்தி வைப்பாள். துடிப்பு கூடினால் ஆபத்து, குறைந்தால் போய்விட்டது. எத்தனையோ இரவுகள் அவளுக்கு அப்படித்தான் செய்தி கிடைத்தது. அது பிறகு எனக்கு விளங்கியது. அந்த நேரத்தில் 'கையை எடடி, மூச்சு முட்டுது' என்று தட்டிவிட்டிருக்கிறேன். அதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

1995 அக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் கல்லுப்போல இறுகி, ஒரு அடி எடுத்துவைக்க எவ்வளவோ நேரம் பிடித்தது. அவளுக்கு 11 வயது, எனக்கு 19. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். விடிந்த பிறகு கைதடியை நெருங்கும்போது அவளுடைய முகம் மலர்ந்தது. கையை ஆட்டி ஆட்டி எதையோ காட்டினாள். காது கேளாத பிள்ளைகளும் படிக்கிற கைதடி நவீல்ட் பாடசாலையில்தான் அவள் படித்தாள். நாங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டு அவளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிறோம் என்று நினைத்துவிட்டாள். ஏன் வீட்டை விட்டு வந்தோம் என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை. சைகை தெரிந்த ஒருவரும் எங்கள் வீட்டில் இல்லை. 'வா' என்று இழுத்தோம், அவ்வளவுதான். பள்ளிக்கூட ஒழுங்கையைத் தாண்டி நாங்கள் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். சித்தப்பா அடித்துத்தான் எழுப்பினார்.

இன்றுவரை விளக்கில்லாமல் படுக்கமாட்டாள். சொந்தக்காரர்களுக்கு அது 'இருட்டுப் பயம்', சின்னப்பிள்ளைக் குணம். 2022இல் நாடு முழுவதும் மின்வெட்டு, ஒரு கட்டத்தில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம். சனம் விசிறி சுழலவில்லை என்று ஏசியது. அவள் போன் வெளிச்சத்தை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இரவு இரவாக இருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. ஓர் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். அது மாடியில் இருந்தது, ஏறுவதற்குப் படிகள் மட்டும்தான். சக்கர நாற்காலியில் வந்த ஒரு தம்பி கீழே நின்றே திரும்பிப் போனதைப் பார்த்தேன். மேலே இருந்தவர் அன்பானவர்தான். 'என்ன பிரச்சினை என்று அவவைச் சொல்லச் சொல்லுங்கோ' என்றார். காது கேட்காது என்றதும் என் பக்கம் திரும்பிக் கேள்விகளை என்னிடமே கேட்கத் தொடங்கினார். அவள் எங்கள் இருவருடைய முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பங்கருக்குள் பார்த்த அதே பார்வை.

இன்னோர் அலுவலகத்தில் ஒரு படிவம். உமது குறைபாடு போரினால் ஏற்பட்டதா? இல்லை என்று போட்டேன், பொய் சொல்லமுடியாதே. அதோடு அவள் அந்தக் கணக்கிலிருந்து விழுந்துவிட்டாள். போரால் அல்லாமல் காது கேளாதவள், கண் தெரியாதவர், போலியோவில் கால் சூம்பியவர் எல்லாம் எங்களைவிட மோசமாக அந்தப் போரைக் கடந்தார்கள். ஓட முடியாமல், கேட்க முடியாமல், யாராவது தூக்கவேண்டுமென்று காத்துக்கொண்டு. தூக்க முடியாமல் விட்டுவிட்டு வந்தவர்கள் அதை இன்றுவரை வாய் திறந்து சொல்வதில்லை. போர் நடக்கும் இடங்களில் உடற்குறை உள்ளவர்களைப் பாதுகாப்பது அரசுகளின் கடமை என்று அவர்களுடைய உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தின் 11ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. எங்கள் போர் முடிந்து ஏழு வருடத்துக்குப் பிறகு. ஆனாலும் கால் போனவருக்கு ஒரு படிவம், மனம் கலங்கியவருக்கு இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அவர் இரண்டு இடத்திலும் அரைவாசிதான்.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 'கூட்டு மனவடு' என்று எழுதுவது எனக்கு இதனால்தான் பிடிக்கும். உடைந்தது ஒரு தலைக்குள் மட்டும் என்று அவர் பார்ப்பதில்லை. குடும்பம், அயல், ஊர், ஆளை ஆள் நம்புவது எல்லாம் உடைந்தது என்கிறார். உமது அண்ணாவின் கால் அவருடையது. அந்த ஐந்து மாதம் அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் முகாமில் கிடந்தது அம்மாவும் நீரும். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு வரி. பத்து வயதுப் பிள்ளை அந்த ஐந்து மாதம் என்ன செய்தது? பேசவேண்டியவர் அண்ணா மட்டும்தான் என்று எப்படி முடிவு செய்தீர்?

மே மாதத்தில் அவர் பேசாமல் இருந்தால் இருக்கட்டும். அம்மா போரில் இறந்தவர்களை நினைத்துக் கஞ்சி காய்ச்சினால் ஒரு சிரட்டையில் பக்கத்தில் வைக்கச் சொல்லும். குடிப்பதும் குடிக்காததும் அவர் விருப்பம். உயிரை விட நினைக்கிறார் என்று எப்போதாவது தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொல்லும். இது வேறு, மற்றவற்றோடு கலக்கவேண்டாம். மற்றபடி இந்தக் கிழமை போன் எடுத்து, சூம் விஷயத்துக்கு மன்னிப்புக் கேளும். நீளமாகக் கேட்கவேண்டாம். பிறகு சாக்கெட்டைப் பற்றிக் கேளும், கடையைப் பற்றிக் கேளும், இப்போது டயர் என்ன விலை போகிறது என்று கேளும்.

இதைத் தட்டச்சு செய்யும்போது தங்கச்சி எனக்கு எதிரேதான் இருக்கிறாள். கடந்த ஒரு மணித்தியாலமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போது எழுந்து வந்து என் நெஞ்சில் கையை வைத்துப் பார்க்கிறாள். இந்தமுறை தட்டிவிடவில்லை.

அன்புடன்,
அக்கா