சோளக்கட்டை முழுங்குன பட்டிநாய்: ஊசியா, ஆபரேசனா?

கேள்வி: பட்டிக்காவலுக்கு இருக்கற நாய், மூணு வயசு. மக்காச்சோளம் அடிச்ச களத்துல கட்டையக் கடிச்சுட்டு சுத்துச்சு. ரெண்டு நாளா வாந்தி, தண்ணி குடிச்சாலும் வெளிய வந்துருது. மருந்துக்கடையில வாந்தி நிக்க ஊசி போட்டாங்க, கேக்கல. எக்ஸ்ரேல குடல் உப்பியிருக்குதுன்னாங்க, ஆனா கட்டை எதுவும் தெரியலீங்க. ஊசியிலயே சரியாயிருங்களா, ஆபரேசன் பண்ணோணுங்களா? படம் போன்ல அனுப்பிருக்கேன். (குண்டடம் பக்கத்துல இருந்து)

பதில்: ஏனுங்க, கல்லு, காசு, எலும்புன்னா எக்ஸ்ரேல வெள்ளையா பளிச்சுனு நிக்கும், சோளக்கட்டை பல நேரம் அப்படித் தெரியாது. அதனால கட்டையத் தேடாதீங்க, குடலப் பாருங்க. நீங்க அனுப்புனதுல பாதி டியூப்லைட் வெளிச்சந்தான், இருந்தாலும் ரெண்டு மடிப்பு மட்டும் சைக்கிள் டியூப் கணக்கா உப்பிக் கெடக்குது, மிச்சம் ஒல்லியா இருக்குது. எல்லாக் குடலும் ஒரே சீரா லேசா உப்பியிருந்தா பார்வோங்கற வைரஸ் கழிச்சல் மாதிரி நோவுன்னு யோசிக்கலாம், இப்படி ரெண்டு சைஸ்ல தெரிஞ்சா அடைப்பத்தான் மொதல்ல நெனைக்கோணும். இடுப்புப் பக்க முதுகெலும்புல அஞ்சாவதோட உசரத்துக்கு 1.6 மடங்கத் தாண்டி குடலோட அகலம் இருந்தா சந்தேகம், 2.4 தாண்டுனா அநேகமா அடைப்புதான். உங்க நாய்க்கு சுமாரா ரெண்டு வருது, அதாவது நடுவால நிக்குது. அதனால ஊசியா கத்தியான்னு கேக்கறதுக்கு முன்னாடி வயித்துக்கு ஸ்கேன் எங்க எடுக்கறதுன்னு கேட்டிருக்கோணும். கட்டை இருந்தா ஸ்கேன்ல வளைஞ்ச வெள்ளைக் கோடும் அதுக்குக் கீழ கருப்பு நெழலுமா காட்டிக்குடுத்துரும்.

இப்ப அந்த ஊசி. என்ன மருந்துன்னே நீங்க எழுதல, காலிச் சீசாவத் தேடி எடுங்க. மெட்டோகுளோப்ரமைடா இருந்தா அது வயித்தையும் குடலையும் முடுக்கி விடற மருந்து, அடைச்ச வாய்க்கால்ல மோட்டாரப் போட்டா கரை ஒடையுமா ஒடையாதா? கடைக்காரருக்கு ஆடு, நாய் எல்லாத்துக்கும் ஒரே டப்பா, கேட்டா "எல்லாரும் இதத்தான் வாங்கறாங்க"ம்பாரு. அடுத்தது வெளக்கெண்ணெய் ஊத்தச் சொல்லுவாங்க, வாந்தியெடுக்கற நாய்க்கு ஊத்துனா நுரையீரலுக்குள்ள போயிரும். வெள்ளகோவில் பக்கமிருந்து மூணு நாள் இப்படி ஊசி போட்டுட்டு ஒரு நாயக் கொண்டாந்தாங்க, வயித்தத் தொறந்தா குடல் கத்திரிக்கா நெறத்துல கெடக்குது, ஒரு ஜாண் வெட்டித்தான் எடுத்தோம். மொத நாளே வந்திருந்தா குடலக் கீறி கட்டைய எடுத்துட்டு தையல் போட்டதோட போயிருக்கும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கெளம்புங்க, உடுமலைப்பேட்டையிலயும் கல்லூரி இருக்குது, ஸ்கேன் ஆள் இருக்காங்களான்னு போன் போட்டுக் கேட்டுட்டுப் போங்க. சாயந்திரத்துக்குள்ள போயிருங்க, சோறு, பால் எதுவும் வெக்க வேண்டாம். எக்ஸ்ரே பிலிமையே கையில எடுத்துக்கோங்க, போன்ல எடுத்த படம் வேண்டாமுங்க.